களிமண்ணும் விறகும் ஓர் ஆசிரியரும்

(கலைக்கல்விப் பயிற்சி ஒன்றில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

சாப்பாட்டுக்குப் பிறகு வரும் முதல் வகுப்பு எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாம் எல்லாரும் ஐந்தாம் பிரிவேளையில் பிள்ளைகளைத் தட்டி எழுப்பியவர்கள்தான். இன்று நீங்கள் அந்தப் பிள்ளைகளின் இடத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள். கண் அயர்ந்தால் நான் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

நான் அறிவியல் பட்டதாரி ஆசிரியர். ஓவியமோ சிற்பமோ முறையாகப் படித்தவன் அல்ல. அப்படியிருந்தும் கலைக்கல்விப் பயிற்சியில் பேச ஒத்துக்கொண்டதற்குக் காரணம் ஒரு காளை. களிமண் காளை.

சில ஆண்டுகளுக்கு முன்பு பள்ளி அளவில் ஒரு களிமண் வேலைப்பாட்டுப் போட்டி. அந்த நேரத்தில் எனக்கு வகுப்பு இல்லை என்பதால் என்னை நடுவராக உட்கார வைத்தார்கள். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் காளை செய்துகொண்டிருந்தான். திமிலை மேலே இழுத்த வேகத்தில் மண் பிய்ந்து நின்றது. கால்கள் தூண் மாதிரி. உடம்பு முழுக்க அவனுடைய விரல் தடம். நான் பக்கத்தில் போய், "தம்பி, தண்ணி தொட்டு நல்லா வழவழன்னு தேய்ச்சு விடுப்பா" என்றேன். ஆசிரியர் சொன்னால் செய்யத்தானே வேண்டும்? தேய்த்தான். பத்து நிமிடத்தில் அந்தக் காளை மற்ற மேசைகளில் இருந்த மாடுகளைப் போல ஆகிவிட்டது. பரிசு கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு அவன் பெயர் கொடுக்கவும் இல்லை.

அப்போது எனக்கு இது ஒரு விஷயமாகவே படவில்லை. பிறகொரு நாள், மண்பானையில் தண்ணீர் ஏன் குளிர்கிறது, ஊறுகாய் ஜாடியில் ஏன் குளிர்வதில்லை என்ற பாடத்துக்காக மட்பாண்டம் பற்றிய நூல் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அதில் ஒரு படம். மூன்றடிக்கு மேல் உயரமான மண் கோபுரம். பிய்ந்த விளிம்பு, கீறல், ஓட்டை, கையால் அழுத்திய தடம். மேலே சாம்பல் உருகி வழிந்து, ஒரு பக்கம் பச்சையும் பழுப்புமாகவும் மறுபக்கம் கருகியும் நின்றது. என் கண்ணுக்கு அந்தப் பையனின் திமில் தெரிந்தது. கீழே செய்தவர் பெயர்: பீட்டர் வுல்கோஸ். அவரைப் பற்றித் தேடிப் படித்தபோதுதான் அவர் வாழ்நாளில் பெரும்பகுதி ஓர் ஆசிரியராக இருந்தவர் என்று தெரிந்தது.

"உன் தலையில என்ன களிமண்ணா?" என்று நாம் கேட்காத வகுப்பு உண்டா? இன்று அந்தக் களிமண்ணைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

அமெரிக்காவின் வடமேற்கில் மொன்டானா என்றொரு மாநிலம். மலையும் மேய்ச்சல் நிலமும் சுரங்கமும் நிறைந்தது. அங்கே போஸ்மன் என்ற ஊரில் 1924 ஜனவரி 29 அன்று வுல்கோஸ் பிறந்தார். பெற்றோர் கிரேக்க நாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஐந்து பிள்ளைகளில் மூன்றாமவர். பள்ளிப் படிப்பு முடிந்ததும் கல்லூரிக்குப் போகவில்லை. போர்ட்லாந்து நகரில் ஒரு வார்ப்பட ஆலையில் அச்சு செய்யும் வேலை பழகினார். போர்க்காலக் கப்பல்களுக்கான எந்திர வார்ப்புகள் அங்கே தயாராயின. 1943இல் விமானப்படைக்கு எடுக்கப்பட்டு, பசிபிக் பகுதியில் விமானத் துப்பாக்கி வீரராக இருந்தார்.

போர் முடிந்தது. போருக்குப் போய்த் திரும்பிய இளைஞர்களின் படிப்புச் செலவை அரசே ஏற்கும் என்று 1944இல் அமெரிக்காவில் சட்டம் போட்டிருந்தார்கள். அந்தச் சட்டம் இல்லாவிட்டால் இந்தக் கதையே இல்லை. உணவகம் நடத்திய, வயலில் உழைத்த, ஆலையில் வேலை பார்த்த குடும்பங்களின் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் கல்லூரி வாசலை மிதித்தது அதனால்தான். அரசுப் பணத்தில் படித்து, அரசுப் பள்ளியில் நின்று பேசுகிற எனக்கு இதை வேகமாகக் கடந்து போக மனம் வரவில்லை.

வுல்கோஸ் சொந்த ஊரிலேயே மொன்டானா மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். ஓவியம் படிக்கத்தான் போனார். பட்டத்துக்குக் கட்டாயம் என்பதால் மட்பாண்ட வகுப்புக்கும் போக வேண்டியிருந்தது. அங்கே அவருக்குக் கிடைத்த ஆசிரியர் பிரான்சிஸ் சென்ஸ்கா என்ற பெண்மணி.

சென்ஸ்காவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கலை நூல்களில் வுல்கோஸுக்கு இருபது பக்கம் என்றால் இந்த அம்மாவுக்கு இரண்டு வரிதான் இருக்கும். ஆப்பிரிக்காவின் கேமரூனில் பிறந்தவர். போரின்போது கடற்படையின் பெண்கள் பிரிவில் பணியாற்றியவர். 1946இல் அந்தக் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தபோது மட்பாண்டம் அவருக்கே புதிது. கற்றுக்கொண்டு அதிக நாள் ஆகவில்லை. புதுப் பாடத்திட்டம் வரும் ஆண்டில், இன்று இரவு படித்து நாளை காலை நடத்துகிறோமே, கிட்டத்தட்ட அந்த நிலை. அவர் அதை மறைக்கவில்லை. மாணவர்களை அழைத்துக்கொண்டு மலைச் சரிவுகளுக்குப் போய் மண் தோண்டிக்கொண்டு வந்தார். எந்த மண் நிற்கிறது, எது விரிசல் விடுகிறது, எது எந்தச் சூட்டில் உருகுகிறது என்று மாணவர்களோடு சேர்ந்து சோதித்தார். தெரிந்ததைச் சொல்லிக்கொடுப்பதோடு நிற்காமல், தெரியாததைத் தேடும்போது மாணவனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டார். அந்த வகுப்பிலிருந்து வுல்கோஸ் வந்தார். ரூடி ஆட்டியோ என்ற இன்னொரு பெரிய கலைஞரும் அதே வகுப்புதான். சென்ஸ்கா 2009 வரை வாழ்ந்தார். தன் மாணவர் இறந்த பிறகும் ஏழு ஆண்டுகள்.

வுல்கோஸுக்குச் சக்கரம் பிடித்துப்போயிற்று. அதில் அசுரத் திறமை. 1951 கோடையில் ஹெலினா என்ற ஊரில் ஆர்ச்சி பிரே என்பவரின் செங்கல் தொழிற்சாலைக்கு வுல்கோஸும் ஆட்டியோவும் வேலைக்குப் போனார்கள். பகலில் செங்கல் வேலை, மாலையில் பானை. பிரேவுக்குக் கலையில் பெரும் ஈடுபாடு. தொழிற்சாலை வளாகத்திலேயே மட்பாண்டக் கலைஞர்களுக்கு ஒரு பட்டறையை அந்த ஆண்டில் தொடங்கினார். அதைக் கட்டுவதற்குச் செங்கல் அடுக்கியவர்களில் இந்த இருவரும் உண்டு. அந்த நிறுவனம் இன்றும் இயங்குகிறது. 1952இல் வுல்கோஸ் கலிபோர்னியாவில் முதுகலைப் பட்டம் முடித்துவிட்டுத் திரும்ப அங்கேயே வந்தார். அந்த ஆண்டு டிசம்பரில் ஜப்பானிலிருந்து ஹமாதா ஷோஜி, தத்துவ அறிஞர் யனாகி சோயெட்சு, இங்கிலாந்திலிருந்து பெர்னார்டு லீச் மூவரும் அந்தக் குளிரில் ஹெலினாவுக்கு வந்து பயிற்சி நடத்தினார்கள். மட்பாண்ட உலகில் இவர்கள் மூவரும் அன்றைய பேராசான்கள். ஹமாதா அலட்டிக்கொள்ளாமல், அந்த ஊர் மண்ணை எடுத்து, ஓரம் சற்றுக் கோணினாலும் கவலைப்படாமல் பாண்டம் வனைவதை வுல்கோஸ் பக்கத்தில் இருந்து பார்த்தார்.

இந்தக் காலத்தில் அவர் செய்தவை எல்லாம் ஒழுங்கான பாண்டங்கள். மூடி போட்ட ஜாடி, குழம்புச் சட்டி, குடுவை. சுவர் மெல்லிசாக, வடிவம் கச்சிதமாக இருக்கும். பரிசுகள் வந்தன. கடைகளில் விற்றன. 1955இல் பிரான்சின் கான் நகரில் நடந்த பன்னாட்டு மட்பாண்டக் கண்காட்சியில் தங்கப் பதக்கம்கூடக் கிடைத்தது. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பின்னால் அவர் செய்த உடைந்த, கிழிந்த வடிவங்களைப் பார்த்து, "இதை யார் வேண்டுமானாலும் செய்யலாமே" என்று சொல்பவர்கள் உண்டு. யார் வேண்டுமானாலும் செய்ய முடியாது. நாற்பது, ஐம்பது கிலோ மண்ணைச் சக்கரத்தில் நடுநிலைக்குக் கொண்டுவருவது எவ்வளவு பெரிய வேலை என்று ஒரே ஒரு கிலோ மண்ணோடு போராடிப் பார்த்தால் தெரியும். நான் போராடினேன். மண் என் சட்டையில்தான் நின்றது.

1953 கோடையில் பிளாக் மவுண்டன் கல்லூரி என்ற இடத்துக்கு மூன்று வாரம் கற்பிக்கப் போனார். ஓவியம், இசை, நடனம், கவிதை எல்லாம் ஒரே வளாகத்தில் கலந்து நடந்த விசித்திரமான கல்லூரி அது. அங்கிருந்து நியூயார்க் போய், பெரிய துணியில் பெரிய தூரிகையால் வீச்சுவீச்சாக வரைந்துகொண்டிருந்த அன்றைய ஓவியர்களைச் சந்தித்தார். திரும்பி வந்த வுல்கோஸ் பழைய வுல்கோஸாக இல்லை. மண்ணிலும் அந்த வீச்சைக் கொண்டுவர முடியாதா என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது.

அடுத்த ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு கலைக் கல்லூரி மட்பாண்டத் துறையைத் தொடங்க அவரை அழைத்தது. அந்தக் கல்லூரிக்குப் பின்னாளில் ஓடிஸ் என்று பெயர். 1954இல் முதல் மாணவர் பால் சோல்ட்னர் வந்து சேர்ந்தபோது துறை என்று சொல்ல அங்கே ஒன்றும் இல்லை. சக்கரம் இல்லை, சூளை இல்லை. கருவி வந்த பிறகு வகுப்பு என்று வுல்கோஸ் காத்திருக்கவில்லை. ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து சக்கரம் செய்தார்கள், இடத்தை ஒழுங்கு பண்ணினார்கள். அந்தப் பழக்கத்தில் சோல்ட்னர் பிற்காலத்தில் சக்கரமும் மண் பிசையும் எந்திரமும் வடிவமைத்து விற்கும் அளவுக்கு வந்துவிட்டார். ஆய்வகப் பொருள் வரவில்லை என்று நாம் எழுதும் கடிதங்கள் நினைவுக்கு வந்தன. கடிதம் எழுத வேண்டாம் என்று சொல்லவில்லை. எழுதத்தான் வேண்டும். பதில் வரும்வரை என்ன செய்கிறோம் என்பதுதான் கேள்வி.

அவர் வகுப்பு எடுத்த முறை இன்னும் விசித்திரம். விரிவுரை கிடையாது. பாடக் குறிப்பு கிடையாது. தன் வேலையை மாணவர்கள் நடுவிலேயே செய்வார். இரவு வெகுநேரம் வரை பட்டறை திறந்திருக்கும். அவர் ஒரு பக்கம் வனைய, மாணவர்கள் ஒரு பக்கம் வனைவார்கள். அவர் தோற்பதையும் அவர்கள் பார்ப்பார்கள். பெரிய பானை சரிந்து விழும். அவர் அதை எடுத்து இன்னொன்றின் மேல் வைத்து, குத்தி, வெட்டி, வேறொன்றாக மாற்றுவார். 1956இல் அவர் செய்த ஒரு பானை கவிழ்ந்த நிலையில், ஆடு நாற்காலிபோல இரு வளைந்த மண் சட்டங்களின் மேல் நிற்கும். தண்ணீர் பிடிக்க முடியாது, பூ வைக்க முடியாது. ஆனால் அது பானைதான். பானை என்றால் எதையாவது தாங்க வேண்டும் என்ற ஒரே விதியை அவர் எடுத்துவிட்டார். எடுத்த பிறகு என்ன மிஞ்சுகிறது என்று பார்த்தார்.

ஜான் மேசன், கென் பிரைஸ், பில்லி அல் பெங்ஸ்டன் என்று அந்தப் பட்டறையிலிருந்து வந்தவர்கள் பட்டியல் நீளும். கவனிக்க வேண்டியது என்னவென்றால், ஒருவர் வேலையும் வுல்கோஸ் வேலை மாதிரி இருக்காது. மேசனின் வடிவங்கள் கணித உருவங்களைப்போல இறுகி நிற்பவை. பிரைஸ் செய்தவை சிறியவை, பளிச்சென்ற வண்ணம் கொண்டவை. குருவைப்போல எழுதும் சீடனைக் கண்டு பெருமைப்படுகிறவர்கள் நாம். என் கையெழுத்தைப்போலவே எழுதும் மாணவியை வகுப்பில் எழுப்பிக் காட்டியவன் நான்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இது பாராட்டு விழா உரை ஆகிவிடும். அந்த லாஸ் ஏஞ்சலிஸ் வட்டத்தில் பெயர் பெற்றவர்கள் எல்லாரும் ஆண்கள். இரவெல்லாம் வேலை, உரத்த பேச்சு, பெரிய பானைப் போட்டி என்று இருந்த பட்டறை பெண்களுக்கு இயல்பாக இடம் கொடுத்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவருக்கே மண்ணைக் கையில் கொடுத்தவர் ஒரு பெண் ஆசிரியர். அதை வைத்துப் பார்த்தால் இந்தக் குறை இன்னும் உறுத்துகிறது.

கல்லூரி இயக்குநருக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. 1959இல் அங்கிருந்து வெளியேறி, பெர்க்லியில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1985இல் ஓய்வு பெறும் வரை அங்கேதான். 1961இல் ஒரு கைவினை இதழில் ரோஸ் ஸ்லிவ்கா என்ற ஆசிரியர் இந்தப் புதுப் போக்கை ஆதரித்துக் கட்டுரை எழுதியபோது வாசகர்களிடமிருந்து கோபக் கடிதங்கள் குவிந்தன. அறுபதுகளில் வுல்கோஸ் வெண்கலச் சிற்பத்துக்குப் போனார். சான் பிரான்சிஸ்கோ நீதிமன்ற வளாகத்தில் 1971இல் வைத்த வெண்கலச் சிற்பம் சுமார் 30 அடி உயரம். அந்தக் கட்டத்தை நான் விரைவாகத் தாண்டுகிறேன். எனக்கு அதில் அவ்வளவு ஈடுபாடு வரவில்லை. வார்ப்பட ஆலையில் பழகிய கை அங்கே பயன்பட்டது என்று மட்டும் சொல்லிவிடலாம்.

மண்ணை அவர் முழுக்க விட்டுவிடவும் இல்லை. அறுபதுகளின் இறுதியிலிருந்து இரண்டு வடிவங்களைத் திரும்பத் திரும்பச் செய்தார். ஒன்று அடுக்கு: வனைந்த பாண்டங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி, இணைப்பை மறைக்காமல் விட்ட கோபுரம். இன்னொன்று தட்டு: நம் வீட்டுத் தாம்பாளம் அளவுக்குப் பெரிய கனமான மண் தட்டு. அதில் கீறுவார், கிழிப்பார், விரலால் துளை போடுவார், வெள்ளைப் பீங்கான் மண் துண்டுகளை அழுத்திப் பதிப்பார். ஆனால் வெளிப்பூச்சில்தான் அவருக்குத் திருப்தி இல்லை. கிளேஸ் என்கிற கண்ணாடிப் பூச்சைத் தடித்துப் பூசினால் விரல் தடம் மூடிவிடும். ஒரு காலத்தில் சுட்ட பாண்டத்தின்மேல் எபாக்ஸி பெயிண்ட்கூட அடித்துப் பார்த்தார். பின்னர் கறுப்பாகவோ மெல்லிய நிறமற்ற பூச்சாகவோ வைத்தார். கை செய்த வேலையை மேற்பூச்சு மறைக்கக் கூடாது. பூச்சே இல்லாவிட்டால் உயிர் போதவில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேலாக அவரிடம் இருந்த சிக்கல் இது.

1979இல் அதற்கு விடை கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 55.

பீட்டர் காலஸ் என்ற இளம் கலைஞர், ஜப்பானுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, நியூயார்க் மாநிலத்தில் பியர்மான்ட் என்ற ஊரில் 1976இல் ஓர் 'அனகாமா' கட்டியிருந்தார். அனகாமா என்றால் குகைச் சூளை. கொரியா வழியாக ஜப்பானுக்கு ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு போன பழைய தொழில்நுட்பம். சரிவான தரையில் ஒரே அறையாக நீண்ட சுரங்கம். கீழ் வாயில் விறகு, மேல் முனையில் புகைபோக்கி. விறகும் பாண்டமும் ஒரே அறையில் இருக்கும். தீ பாண்டங்களுக்கு நடுவே புகுந்துதான் வெளியேற வேண்டும்.

இனிக் கொஞ்சம் என் பாடம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

காய்ந்ததுபோலத் தெரியும் பச்சை மண்ணுக்குள்ளும் ஈரம் உண்டு. அவசரமாகச் சூடேற்றினால் அந்த ஈரம் நீராவியாகிப் பாண்டத்தை வெடிக்க வைக்கும். அதனால் தொடக்கத்தில் சிறு தீ. 500, 600 டிகிரி செல்சியஸ் அளவில் களிமண்ணோடு வேதியியல் முறையில் பிணைந்திருந்த நீரும் வெளியேறும். அதற்குப் பிறகு அதைத் தண்ணீரில் எத்தனை நாள் ஊறப்போட்டாலும் மறுபடி களிமண் ஆகாது. நம் ஊர் மண்பானைச் சூளை ஆயிரம் டிகிரிக்குக் கீழேயே நின்றுவிடும். பானையில் நுண்துளைகள் தங்கும். தண்ணீர் கசிந்து ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும், தண்ணீர் குளிரும். அனகாமாவில் சூடு சுமார் 1300 டிகிரி வரை போகும். அந்தச் சூட்டுக்குத் தாங்கும் மண்ணாக இருந்தால் துளைகள் அடைபட்டுக் கல்போல இறுகும். ஊறுகாய் ஜாடி அந்த வகை.

வேடிக்கை சாம்பலில் இருக்கிறது. விறகுச் சாம்பலில் கால்சியமும் பொட்டாசியமும் உண்டு. தீயின் இழுவையில் பறந்து பாண்டத்தின்மேல் படியும் சாம்பல், அந்தச் சூட்டில் மண்ணிலுள்ள சிலிக்காவோடு சேர்ந்து உருகிக் கண்ணாடி ஆகிறது. யாரும் தூரிகை எடுத்துப் பூசவில்லை, மரமே பூசுகிறது. தீயை நோக்கிய முகத்தில் அதிகம் படியும், முதுகில் குறையும். பக்கத்துப் பாண்டம் மறைத்த இடத்தில் அதன் நிழல்போல ஒரு தடம் விழும். விறகை அதிகம் திணித்து ஆக்சிஜன் போதாமல் செய்தால், மண்ணிலுள்ள இரும்பு ஆக்சைடு ஒடுக்கமடைந்து செந்நிறம் சாம்பலாகவும் கறுப்பாகவும் மாறும். ஆக்சிஜனேற்றம், ஒடுக்கம் என்று கரும்பலகையில் எழுதிக் காட்டுகிறோமே, அது பாண்டத்தின் தோலில் எழுதியிருக்கும்.

வுல்கோஸின் கிழிசலும் கீறலும் இதற்காகவே காத்திருந்ததுபோல இருந்தன. விளிம்பில் சாம்பல் தங்கியது, பள்ளத்தில் உருகித் தேங்கியது, துளை வழியே தீ நுழைந்து உள்ளேயும் நிறம் போட்டது. எந்த விரல் தடமும் மூடப்படவில்லை. அதன்பின் 2002இல் இறக்கும் வரை ஏறத்தாழ 23 ஆண்டுகள், அவருடைய மண் வேலைகளில் பெரும்பாலானவை விறகுச் சூளையில் வெந்தவை. அவர் இருந்தது மேற்குக் கரையில், காலஸின் சூளை கிழக்குக் கரையில். நடுவில் ஒரு கண்டம்.

விறகுச் சூளையைப் பற்றிப் பேசுகிறவர்கள், "எல்லாவற்றையும் நெருப்பிடம் விட்டுவிட வேண்டும்" என்று ஞானிபோலச் சொல்வது உண்டு. பாதி உண்மை. நாள்கணக்கில், இரவும் பகலும் முறை வைத்து, சில நிமிடத்துக்கு ஒரு முறை விறகு தள்ளியாக வேண்டும். சுடரின் நிறம், புகையின் அளவு, சத்தம் எல்லாம் கவனிக்க வேண்டும். குறிப்பிட்ட சூட்டில் வளைந்து சாயும்படி செய்த சிறு மண் கூம்புகளைச் சூளைக்குள் வைத்து, துளை வழியாகப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எந்தப் பாண்டம் எங்கே, எந்தப் பக்கம் திரும்பி நிற்க வேண்டும் என்று அடுக்குவதே பெரிய கணக்கு. இவ்வளவும் செய்துவிட்டு, கடைசி நிறம் என்ன வரும் என்பதை மட்டும் தீயிடம் விடுகிறார்கள். பிறகு சூளை ஆற நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டுத் திறந்தால் குளிர்காற்று பட்டு வெடிக்கும்.

இந்த வேலையில் கணிசமான பங்கு காலஸுடையது. கோபுரத்தில் பெயர் வுல்கோஸுடையது, தீ காலஸுடையது. பத்தாம் வகுப்புத் தேர்ச்சிக்கு நம்மைப் பாராட்டுகிறார்கள், அந்தப் பிள்ளைக்கு 'அ' எழுதக் கற்றுக்கொடுத்த தொடக்கப் பள்ளி ஆசிரியரின் பெயரை யாரும் கேட்பதில்லை. இங்கே முன்வரிசையில் இருக்கும் இடைநிலை ஆசிரியர்கள் சிரிப்பது தெரிகிறது.

விறகுச் சூளைப் பாண்டம் நேரில் எப்படி இருக்கும் என்று பார்க்க அமெரிக்கா போக வேண்டாம். புதுச்சேரியில் ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்ற இருவர் 1971இல் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியில் சவுக்கு விறகு எரித்தே கல்போன்ற பாண்டங்களைச் சுட்டு வந்திருக்கிறார்கள். நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வந்து அங்கே பயின்றவர்கள் உண்டு.

இப்போது என் காளைக்கு வருகிறேன். போட்டி என்றால் மதிப்பெண் போட வேண்டும். நேர்த்தி, வடிவம், முடிப்பு என்று படிவத்தில் கட்டங்கள் இருக்கும். வுல்கோஸின் கோபுரத்தை அந்தப் படிவத்தில் வைத்தால் முடிப்பில் பூச்சியம்தான் வரும். அதற்காகப் படிவத்தைக் கிழித்துப் போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. பயிற்சியே இல்லாமல் பிய்ந்ததும் பயிற்சிக்குப் பின் பிய்த்ததும் ஒன்றல்ல என்பதும் தெரியும். அந்தப் பையனுடையது இரண்டில் எது? எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரே வழிதான் இருந்தது. "திமிலை ஏன் தம்பி இப்படி இழுத்துவிட்டாய்?" என்று கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை, திருத்தினேன். இருபது ஆண்டு ஆசிரியர் வேலையில் எத்தனை முறை கேட்பதற்கு முன் திருத்தியிருப்பேன் என்று கணக்குப் போட்டால் அன்று இரவு தூக்கம் வராது.

ஒரு சின்ன மாற்றம் செய்தேன். இப்போது எங்கள் பள்ளியில் களிமண் வேலை நடக்கும்போது முதல் அரைமணி நேரம் தண்ணீர்க் கிண்ணம் வைப்பதில்லை. மண்ணைத் தேவையான பதத்தில் பிசைந்து கொடுத்துவிடுகிறோம். தண்ணீர் இருந்தால் பிள்ளைகள் தேய்க்கத் தொடங்கிவிடுவார்கள், நம்மைப் பார்த்துப் பழகியதுதான். நானும் ஓர் உருண்டை எடுத்துக்கொண்டு பிள்ளைகளோடு தரையில் உட்காருகிறேன். என் யானைக்குத் தும்பிக்கை நிற்பதே இல்லை. போன மாதம் நான்காவது முறையாக விழுந்தபோது ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று, "சார், தும்பிக்கையைக் காலோட ஒட்டிடுங்க, நிக்கும்" என்றது. ஒட்டினேன். நின்றது.

வுல்கோஸ் ஓய்வு பெற்ற பிறகும் ஊர் ஊராகப் போய் மாணவர்கள் முன்னால் செய்து காட்டிக்கொண்டிருந்தார். 2002 பிப்ரவரியில் ஓஹையோ மாநிலத்தில் பௌலிங் கிரீன் பல்கலைக்கழகத்தில் ஒரு செயல்விளக்கப் பயிற்சி. மாணவர்கள் சுற்றி நிற்க மண்ணில் வேலை செய்து காட்டினார். பிப்ரவரி 16 அன்று அதே ஊரில் மாரடைப்பால் இறந்தார். வயது 78.

அந்தப் பையன் இப்போது எங்கே இருக்கிறான் என்று விசாரித்தேன். பாலிடெக்னிக் படிப்பதாக அவன் தம்பி சொன்னான். தம்பி எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு. அன்று என்னோடு நடுவராக இருந்த தமிழாசிரியையின் கைப்பேசியில் அந்தக் காளையின் படம் கிடைத்தது. நான் தேய்க்கச் சொல்வதற்கு முன்பு எடுத்த படம். அதைப் பெரிதாக அச்செடுத்துத் தம்பியிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். பின்பக்கத்தில் ஒரு கேள்வி எழுதியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.

பின்னால் மூன்று வாளியில் களிமண் பிசைந்து வைத்திருக்கிறோம். வேட்டி, சேலை கறைபடும் என்று தயங்குகிறவர்களுக்குப் பழைய செய்தித்தாள் இருக்கிறது. தண்ணீர்க் கிண்ணம் கிடையாது. வாருங்கள்.